பொண்ணுக்கு முதல் கேமரா: கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவ எடுத்த படங்களைப் பாருங்க சார்

இந்தத் தடவை ஒரு அப்பா எழுதியிருக்கார், பேர் ஊர் எதுவும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிடறேன். அவரோட பொண்ணுக்கு வர்ற மாசம் 16 வயசு முடியுது. மூணு வருஷமா ஒரு பழைய போனை வச்சு படம் எடுத்துக்கிட்டே இருக்கா, யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் எடுன்னு சொல்லவும் இல்ல. பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸா ஒரு நல்ல கேமரா குடுக்கணும்னு அப்பாவுக்கு ஆசை, அதுக்குன்னு ஒரு தொகை எடுத்து வச்சிருக்கார், அதுக்கு மேல ஒரு பைசா முடியாது. அவர் முன்னாடி மூணு வழி இருக்கு. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய கேனான் 6டியை, அது உள்ள மிரர் வச்ச டிஎஸ்எல்ஆர், அதுலயும் படம் பதியுற சென்சார் பெருசா இருக்கிற ஃபுல் ஃப்ரேம் வகை, 24-105 எஃப் 4 லென்ஸோட சேர்த்துக் குறைச்சுத் தர்றேன்னு சொல்றார். கடையில அந்த மிரர் இல்லாத புது மிரர்லெஸ் கேமரா ஒண்ணை ரெண்டு லென்ஸ், பை, ட்ரைபாட், ஃபில்டர், கார்டுன்னு ஒரே பேக்கேஜா காட்டுறாங்க. பொண்ணோட அம்மா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல போனாவே வாங்கிடலாமேன்னு கேக்குறாங்க.

இதுக்கு நடுவுல அவரே சில முடிவுக்கும் வந்துட்டார். சீரியஸா எடுக்கணும்னா ஃபுல் ஃப்ரேம்தான், மெகாபிக்சல் கூடக் கூட நல்லது, முன்னாடி கீபோர்டு வாங்கிக் குடுத்து கொஞ்ச நாள்லயே மூலையில போட்டுட்டா அதனால இந்தத் தடவை மார்க் வாங்கினாத்தான் கேமரான்னு ஒரு கண்டிஷன் போடணும். கடைசியா, அவளுக்குச் சொல்லாம அவ படங்களை ஒரு போட்டிக்கு அனுப்பலாமான்னும் கேட்டிருக்கார். நல்ல வேளையா அவ போன்லேர்ந்து 12 படத்தைக் கடிதத்தோட சேர்த்து அனுப்பியிருந்தார்.

சார், வணக்கம். நான் அந்த 12 படத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நீங்க கேட்டதுல பாதிக்கு மேல பதில் அதுலயே இருக்கு. பன்னெண்டுல ஒம்பது வீட்டுக்குள்ள எடுத்தது. எல்லாத்துலயும் ஆளுங்க, அதுவும் ரெண்டு மூணு அடி தூரத்துல. பாட்டியோட கை, யாரோ ஒருத்தரோட முதுகு, ஜன்னல் ஓரம் படிச்சிட்டு இருக்கிற ஒரு ஃப்ரெண்ட். ஒண்ணுல கூட பறவை இல்ல, மலை இல்ல, சூரியன் மறையறது இல்ல, ஒண்ணுல கூட ஜூம் பண்ணின அடையாளம் இல்ல. அவளுக்கு என்ன பிடிக்கும்னு நீங்க யார்கிட்டயும் கேக்க வேண்டாம், அவ ஏற்கனவே சொல்லிட்டா. வீட்டுக்குள்ள, மங்கின வெளிச்சத்துல, ரொம்பக் கிட்டப் போய் மனுஷங்களை எடுக்கிற பொண்ணு இவ. அந்தப் பொண்ணுக்குத்தான் கேமரா தேடணும், பொதுவா "ஃபோட்டோகிராஃபி கத்துக்கிறவங்களுக்கு"ன்னு தேடினா கடைக்காரர் காட்டுறதுதான் கிடைக்கும்.

ஏழாவது படத்தை மறுபடி ஒரு தடவை திறந்து பாருங்க. தம்பி வாசப்படியில குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருக்கான், காலைல நேரம் போல, வெளிச்சம் கதவுப் பக்கம் மட்டும் வருது, முகத்துல பாதி தெரியுது பாதி இருட்டு. அவ எங்க நின்னா அந்த வெளிச்சம் கன்னத்துல விழும்னு தெரிஞ்சு நின்னிருக்கா, இதை நான் வகுப்புல சொல்லிக் குடுக்கிறதுக்கே பல வாரம் ஆகும். ஆனா முகம் ஷார்ப்பா இருக்க, விரல் ரெண்டும் கலைஞ்சு போயிருக்கு. அது அவ கை ஆடினதால இல்ல, கை ஆடியிருந்தா சுவரும் சேர்ந்து ஆடியிருக்கும், சுவர் நல்லாவே இருக்கு. வெளிச்சம் பத்தாததால போன் ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வச்சிருக்கு, அந்த நேரத்துக்குள்ள பையன் விரலை அசைச்சிட்டான், அவ்வளவுதான்.

இதுக்கு "ஸ்டெபிலைசேஷன் இருக்கிற கேமரா வாங்குங்க"ன்னு யாராவது சொல்வாங்க. ஸ்டெபிலைசேஷன் படம் எடுக்கிறவங்க கை நடுக்கத்தைத்தான் சரி பண்ணும், எதிர்ல இருக்கிற பையனோட விரலை அதால நிறுத்தி வைக்க முடியாது. விரலை நிறுத்தணும்னா ஷட்டர் 1/125, 1/250 செகண்டுக்குப் போகணும், அதுக்கு ஒரே நேரத்துல நிறைய வெளிச்சம் உள்ள வரணும். அதைத் தர்றது ரெண்டு விஷயம், சென்சார் அளவும் லென்ஸோட வாய் அகலமும் (எஃப்னு போடுற நம்பர் இதைத்தான் சொல்லுது, நம்பர் குறையக் குறைய வாய் பெருசு). எல்லாரும் முதல்ல இருக்கிறதைப் பத்தியே பேசிட்டு ரெண்டாவதை விட்டுடறாங்க.

லென்ஸுக்குத்தான் காசு போகணும்

இங்க கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையா படிங்க. நடுத்தர கேமராக்கள்ல இருக்கிற ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். உங்க பொண்ணோட பழைய போன் சென்சாரை விடப் பரப்பளவுல பத்து மடங்குக்கும் மேல பெருசு. இதைக் கேட்ட உடனே கேமரா எதை வாங்கினாலும் போனை விடப் பத்து மடங்கு நல்லா வரும்னு தோணும். ஆனா போன் லென்ஸ் எஃப் 1.8 மாதிரி நல்லா அகலமா திறந்திருக்கு. கேமராவோட சேர்த்துத் தர்ற கிட் லென்ஸ் எஃப் 3.5ல ஆரம்பிச்சு, கொஞ்சம் ஜூம் பண்ணினதுமே 5.6க்குப் போயிடும். எஃப் 1.8க்கும் 5.6க்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். அதாவது சென்சார்ல சம்பாதிச்ச பத்து மடங்கை லென்ஸ்ல திருப்பிக் குடுத்துடறோம். அது போக, போன் பல படத்தை அடுத்தடுத்து எடுத்துச் சேர்த்து இருட்டைச் சரி பண்ணிக்குது, கேமரா ஒரே படம்தான் எடுக்குது. அதே வாசப்படியில, அதே வெளிச்சத்துல, கிட் லென்ஸ் போட்ட புதுக் கேமரா அவ போனை விடப் பெருசா ஒண்ணும் செஞ்சிடாது. நிறைய வீட்டுல கேமரா ஒரு மாசத்துல அலமாரிக்குள்ள போறதுக்கு இதுதான் காரணம்னு நான் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன், பிள்ளைங்களுக்கு ஆர்வம் போயிடுச்சுன்னு பெத்தவங்க நினைச்சுக்கிறாங்க, உண்மையில அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட லென்ஸ் அந்த வீட்டுக்குள்ளயே வரல.

அதனால பாடியில, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுல, ஒரு படி இறங்குங்க, மிச்சமாகிற காசுல ஒரு எஃப் 1.8 இல்லன்னா 1.4 பிரைம் லென்ஸ் கண்டிப்பா வாங்குங்க. பிரைம்னா ஜூம் ஆகாது, ஒரே கோணம்தான். அவ ஏற்கனவே ஜூம் பண்ணாம நடந்து போய் எடுக்கிற பொண்ணு, அவளுக்கு அது ஒரு குறையாவே தெரியாது.

எத்தனை மில்லிமீட்டர்ங்கிறதுல கவனம் வேணும், எண் குறைஞ்சா காட்சி அகலம், கூடினா இறுக்கம். போனோட மெயின் கேமரா ஃபுல் ஃப்ரேம் கணக்குல 24லேர்ந்து 26 மில்லிமீட்டர் அகலத்துல பாக்குது, மூணு வருஷமா அவ கண்ணு அதுக்குப் பழகியிருக்கு. ஏபிஎஸ்-சியில 50 மில்லிமீட்டர் போட்டா அது 75, 80 மாதிரி ஆயிடும், சின்ன ரூம்ல சுவர்ல முதுகு ஒட்ட நின்னாலும் ஒரு முகம்தான் உள்ள வரும். 50 எஃப் 1.8 விலை குறைவுங்கிறதால எல்லாரும் அதையே முதல்ல சொல்வாங்க, வீட்டுக்குள்ள எடுக்கிறவங்களுக்கு அது ரொம்ப இறுக்கம். உங்களுக்குத் தேவை 23லேர்ந்து 35க்குள்ள ஏதாவது ஒண்ணு. நிக்கானோட மிரர்லெஸ் ஏபிஎஸ்-சிக்கு 24 எஃப் 1.7 இருக்கு, சோனிக்கு 35 எஃப் 1.8 இருக்கு, சிக்மாவோட 30 எஃப் 1.4 பல மவுண்ட்டுக்கு (கேமராவுல லென்ஸ் மாட்டுற வளையம்) வருது. இதுல அவளுக்குன்னா நான் 24 பக்கம்தான் சாய்வேன், கிட்டப் போய் எடுத்தாலும் சுத்தி இருக்கிற அறையும் கொஞ்சம் தெரியும், அவ படத்துல அந்த அறை முக்கியம்.

ஃபுல் ஃப்ரேம், மெகாபிக்சல்

மெகாபிக்சலைச் சீக்கிரம் முடிச்சிடலாம். 24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000 புள்ளி, நல்ல தரத்துல 20க்கு 13 இன்ச் பிரிண்ட் போடலாம். 4கே டிவியே சுமார் 8 மெகாபிக்சல்தான். இன்னைக்குக் கடையில இருக்கிற எந்தக் கேமராவும் உங்களுக்குப் போதும், இந்த எண்ணைப் பாத்து ஒரு பைசா கூடக் குடுக்காதீங்க.

ஃபுல் ஃப்ரேம் நல்லதுதான், அதை நான் மறுக்கல. 36க்கு 24 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சியை விட ரெண்டரை மடங்கு வரைக்கும் பரப்பு, இருட்டுல அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனா "சீரியஸ்னா ஃபுல் ஃப்ரேம்தான்"ங்கிறது சரியில்ல சார். ஏபிஎஸ்-சியில வேலை பாத்துச் சம்பாதிக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அதுவும் உங்க நண்பர் தர்ற லென்ஸ் எஃப் 4. ஒரு ஏபிஎஸ்-சி கேமராவுல எஃப் 1.8 போட்டு எடுத்தா, ஃபுல் ஃப்ரேம்ல எஃப் 4 போட்டு எடுக்கிறதை விட மொத்தமா உள்ள வர்ற வெளிச்சம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பெரிய சென்சார் சின்ன வாய் லென்ஸுக்குப் பின்னாடி உக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும்.

மூணு வழியையும் எடை போட்டா

நண்பரோட 6டியை நான் சும்மா ஒதுக்க மாட்டேன். 2012ல வந்த கேமரா, 20 மெகாபிக்சல், இருட்டுல இன்னைக்கும் கௌரவமா படம் எடுக்கும். அதுல கேனானோட 50 எஃப் 1.8 ஒண்ணை வாங்கிப் போட்டா, அது ஃபுல் ஃப்ரேம்ங்கிறதால 50 இறுக்கமாவும் இருக்காது, அந்த வாசப்படிப் படத்துக்கு வெளிச்சக் கணக்குல நான் சொன்ன ஏபிஎஸ்-சி செட்டையே அது ஜெயிச்சிடும். இதைச் சொல்லாம விட்டா நான் உங்களுக்கு நியாயமா பதில் சொன்னதா ஆகாது. ஆனா மத்த விஷயங்களையும் பாருங்க. பாடி 770 கிராம், அந்த 24-105 இன்னொரு 670, ரெண்டும் சேர்ந்தா கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ, ஸ்கூல் பையில புத்தகத்தோட அது தினமும் போகுமா? ஃபோகஸ் புள்ளி மொத்தம் 11தான், அதுல நடுவுல இருக்கிற ஒண்ணுதான் மங்கின வெளிச்சத்துல நம்பக் கூடியது. திரை மடங்காது, தொட்டா ஃபோகஸ் ஆகாது, திரையைப் பாத்து எடுத்தா ஃபோகஸ் ரொம்ப மெதுவா வரும். போன்ல கையைக் கீழ இறக்கி, தரையோட தரையா வச்சு எடுத்துப் பழகின பொண்ணு, உங்க 12 படத்துல நாலு அப்படி எடுத்ததுதான், அவ எல்லாத்துக்கும் கண்ணை வியூஃபைண்டர்ல, அதாவது கேமராவுல கண்ணை வச்சுப் பாக்கிற சின்ன ஜன்னல்ல, வச்சு எடுக்கப் பழகணும். சில பிள்ளைங்களுக்கு அந்த வியூஃபைண்டர் ரொம்பப் பிடிச்சுப் போகும், சிலருக்குச் சுத்தமா ஒட்டாது. பழைய மாடல்ங்கிறதால ரிப்பேர்னு வந்தா பார்ட்ஸ் கிடைக்கிறதும் வர வர கஷ்டம்.

கடை பேக்கேஜைத்தான் நான் வேண்டாம்னு சொல்வேன். அந்த ரெண்டாவது லென்ஸ் 55லேர்ந்து 200, 250 வரைக்கும் போற டெலி, நீட்டினா எஃப் 6.3, அவ எடுக்கிற எந்தப் படத்துக்கும் அது வெளிய வரப் போறதில்ல. தூரத்துல இருக்கிற பறவை, விளையாட்டு மைதானம், இதெல்லாம் எடுக்கிற பிள்ளையா இருந்தா அதே லென்ஸை முதல்ல வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன். பேக்கேஜ்ல வர்ற ட்ரைபாட் காத்தடிச்சா ஆடும், மேல மாட்டுற மலிவு ஃபில்டர் படத்தை மங்கலாக்கும், கார்டு எந்தக் கம்பெனின்னே தெரியாது. எண்ணிக்கை பாத்தா நிறைய வாங்கின மாதிரி இருக்கும், அந்தக் காசுதான் பிரைம் லென்ஸுக்குப் போயிருக்க வேண்டிய காசு.

அம்மா சொல்ற போன் யோசனையையும் மதிச்சுப் பேசணும். புதுப் போன் அவ எடுக்கிற படத்தை உடனே நல்லாக்கும், எப்பவும் கையில இருக்கும், வீடியோவும் அருமையா வரும். அவ இப்ப ஆரம்பிக்கிற பொண்ணா இருந்தா நானும் அதையே சொல்லியிருப்பேன். மூணு வருஷம் எடுத்தாச்சு, வெளிச்சம் எங்க விழும்னு தெரிஞ்சாச்சு, இனிமே ஷட்டரை எவ்வளவு நேரம் திறக்கணும், எது ஷார்ப்பா இருக்கணும் எது கலையணும்னு அவளே முடிவு பண்ற கட்டம். போன் அந்த முடிவையெல்லாம் தானே எடுத்துடுது, அவ கத்துக்க அதுல இடம் குறைவு.

என் யோசனை நாலாவது வழி. ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், வியூஃபைண்டர் இருக்கிறது, திரை மடங்கி தொட்டா ஃபோகஸ் ஆகுறது, அதோட சின்ன கிட் லென்ஸ், கூட ஒரு பிரைம். சோனி ஏ6400, நிக்கான் இசட் 50, கேனான் ஆர் 50, ஃபியூஜி எக்ஸ்-டி 30 வரிசை, இதுல எது உங்க தொகைக்குள்ள பிரைமோட சேர்ந்து வருதோ அதைப் பாருங்க. புதுசா முடியலன்னா பாடியை செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க, பிரைமை விட்டுடாதீங்க. பேர் ஒரே மாதிரி இருக்கிறதால ஏமாறவும் வாய்ப்பு இருக்கு: சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட் 30 ரெண்டும் வீடியோ எடுக்கிறவங்களை மனசுல வச்சுப் பண்ணினது, வியூஃபைண்டர் கிடையாது. கேனான் ஆர் 100ல திரை தொட்டா வேலை செய்யாது, மடங்கவும் மடங்காது. மிரர்லெஸ்ல இன்னொரு வசதி, படம் எவ்வளவு வெளிச்சமா வரும்னு எடுக்கிறதுக்கு முன்னாடியே வியூஃபைண்டர்ல தெரியும், டயலைத் திருப்பும்போது கண்ணு முன்னாடியே மாறும், தானே கத்துக்கிற பிள்ளைக்கு இது ஒரு வாத்தியார் பக்கத்துல இருக்கிற மாதிரி. பேட்டரி மட்டும் டிஎஸ்எல்ஆர் அளவுக்கு வராது, பல மாடல்ல ஒரு சார்ஜுக்கு 300, 400 படம்னு கணக்கு, அதனால ஸ்பேர் பேட்டரி ஒண்ணு சேர்த்துக்கோங்க.

சர்ப்ரைஸ் வேண்டாமே

இது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும், மனசுல அந்தக் காட்சியை எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்திருப்பீங்க. ஆனாலும் சொல்றேன், கேமரா கையில பிடிச்சுப் பாத்து வாங்க வேண்டிய பொருள். சின்னக் கைக்கு ஒரு பிடி சரியா இருக்கும், இன்னொண்ணுல சுண்டுவிரல் தொங்கும். அவ கண்ணாடி போடுற பொண்ணுன்னு எழுதியிருக்கீங்க, வியூஃபைண்டர்ல பவர் திருத்துற சின்ன சக்கரம் இருக்கும், அது ஒவ்வொரு மாடல்லயும் ஒரு அளவு வரைக்கும்தான் போகும், கண்ணாடியோட பாத்தா மூலை தெரியுதா கழட்டிட்டுப் பாத்தா தெளிவா இருக்கான்னு அவதான் சொல்ல முடியும். பிறந்தநாள் அன்னைக்கு ஒரு கார்டுல "உனக்கு ஒரு கேமரா, வா போய்ப் பாத்து வாங்கலாம்"னு எழுதிக் குடுங்க, அந்த நாளும் அவளோட நாளாவே இருக்கும். அவ நான் சொன்னதுல இல்லாத ஒண்ணைக் கையில எடுத்துட்டு விட மாட்டேன்னு நின்னா, அதையே வாங்குங்க. தூக்கிட்டுப் போகணும்னு தோணுற கேமராதான் அவளுக்கு நல்ல கேமரா.

சர்ப்ரைஸ்ல பணரீதியா ஒரு ஆபத்தும் இருக்கு. ஒரு மாசம் முன்னாடி வாங்கி அலமாரியில ஒளிச்சு வச்சா, கடையோட ரிட்டர்ன் நாள் முடிஞ்சு போயிருக்கும், டெட் பிக்சலோ (வேலை செய்யாத புள்ளி) ஃபோகஸ் கோளாறோ பிறந்தநாள் அன்னைக்குத்தான் தெரிய வரும். எப்படி வாங்கினாலும் அன்னைக்கே பிரிங்க, பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் பாடிக்கு அடியில இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க, வாரண்டி யார் தர்றாங்க, கம்பெனியா கடைக்காரரான்னு எழுத்துல கேளுங்க. வேற நாட்டுக்குன்னு வந்து சுத்தி வந்த கிரே மார்க்கெட் பொருள் விலை குறைவா இருக்கும், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வாரண்டி இல்லன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். விலை ரொம்பக் குறைஞ்சா காரணம் பெரும்பாலும் இதுதான்.

செகண்ட் ஹேண்ட்னா இதைப் பாத்துடுங்க

நண்பர்கிட்ட வாங்கினாலும் வெளியாள்கிட்ட வாங்கினாலும் பகல் வெளிச்சத்துல பாருங்க. லென்ஸுக்குப் பின்னாடிலேர்ந்து டார்ச் அடிச்சு முன்பக்கம் வழியா பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சா அது ஃபங்கஸ், எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். எஃப் 16ல வச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெருசு பண்ணுங்க, கருப்புப் புள்ளி இருந்தா சென்சார்ல தூசி, அது சுத்தம் பண்ணிக்கலாம், கோடு இருந்தா கீறலா இருக்கலாம், அது வேற கதை. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க, 6டி மாதிரி கேமராவுக்குக் கம்பெனி கணக்கு ஒரு லட்சம், அது தாண்டினா உடனே செத்துடாது ஆனா விலையைக் குறைச்சுக் கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு. பழைய பில் இல்லாத ஆள்கிட்ட வாங்காதீங்க, திருட்டுப் பொருளா இருந்தா பணமும் போய் பொருளும் போகும்.

தொகையைப் பிரிக்கிறப்போ கொஞ்சம் தனியா எடுத்து வைங்க. நம்பகமான கம்பெனி கார்டு ஒண்ணு, 64 ஜிபி போதும், மேல வி30ன்னு போட்டிருந்தா வீடியோவுக்கும் சரியா வரும். ரா ஃபைல்ல, அதாவது கேமரா திருத்தாம அப்படியே குடுக்கிற பெரிய ஃபைல்ல, எடுக்க ஆரம்பிச்சா படம் ஒண்ணு 25, 30 எம்பி வரைக்கும் வரும், ஆயிரம் படத்துக்கே 30 ஜிபி, அதனால ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் சீக்கிரமே வேணும். வீட்டு கம்ப்யூட்டர் அதைத் தாங்குமான்னும் பாத்துக்கோங்க, தாங்கலன்னா முதல் வருஷம் ஜேபெக்லயே (சுருக்கின சாதாரண ஃபைல்) எடுக்கட்டும், ஒண்ணும் குறைஞ்சிடாது.

மார்க் கண்டிஷனும் கீபோர்டும்

கீபோர்டை இதோட சேர்க்காதீங்க சார். அதை யார் கேட்டாங்கன்னு உங்க கடிதத்துல நீங்களே எழுதியிருக்கீங்க, "நாங்க ஆசைப்பட்டு வாங்கினோம்"னு. படம் எடுக்கிறது அவளா ஆரம்பிச்சது, கையில ஒண்ணும் இல்லாதப்பவே மூணு வருஷம் விடாம பண்ணியிருக்கா. விட்டுடுவாளோன்னு பயப்படுறதுக்கு ஆதாரம் இல்ல. அப்படியே விட்டாலும் லென்ஸ் விலை பாடி அளவுக்கு வேகமா இறங்காது, வித்துக்கலாம், முழு நஷ்டம் இல்ல. மார்க்கோட கேமராவை முடிச்சுப் போட்டா, மார்க் குறையுற ஒவ்வொரு தடவையும் கேமரா வீட்டுல ஒரு சண்டைப் பொருள் ஆயிடும், அவ அதைத் தொடுறப்பல்லாம் உங்க முகத்தைப் பாக்க ஆரம்பிப்பா. படிப்பு நேரம் பத்திக் கவலை இருந்தா நேரத்தைப் பத்தித் தனியா பேசி முடிவு பண்ணுங்க, பரிசு பரிசாவே இருக்கட்டும்.

முதல் ரெண்டு மூணு வாரம் இன்னொரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். கேமரா படங்கள் ஆரம்பத்துல போன் படத்தை விட மங்கலாத் தெரியும். போன் வானத்தை நீலமாக்கி, முகத்தை வெளிச்சமாக்கி எல்லாத்தையும் தானே செஞ்சு குடுத்துட்டு இருந்துச்சு, கேமரா அதையெல்லாம் செய்யாது. எஃப் 1.8ல ஃபோகஸ் கண்ணுக்குப் பதிலா காதுல நிக்கும், பாதிப் படம் வீணாப் போகும். அந்த நேரத்துல வீட்டுல யாராவது ஒருத்தர் "போன்லயே நல்லா இருந்துச்சே, இவ்வளவு செலவு பண்ணி"ன்னு சொன்னா போதும், அதை அவ மறக்கவே மாட்டா. அம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைங்க. அவளுக்கு ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க, அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோட்ல (லென்ஸ் வாயை அவ வைப்பா, ஷட்டரைக் கேமரா பாத்துக்கும்) வச்சு, ஆட்டோ ஐஎஸ்ஓல (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கேமராவே உணர்திறனைக் கூட்டிக்கிறது) மினிமம் ஷட்டர் வைக்கிற வசதி இருந்தா 1/125ன்னு போட்டுக்கச் சொல்லுங்க, கண்ணைத் தேடி ஃபோகஸ் பண்ற ஐ டிடெக்ஷனை ஆன் பண்ணிக்கச் சொல்லுங்க. வேகமா அசையுற ஆளுன்னா 1/250. அந்த ஷூ லேஸ் விரல் அப்புறம் கலையாது. மீதியை அவளே கண்டுபிடிச்சுக்குவா.

போட்டிக்கு அனுப்புறது

அவளுக்குத் தெரியாம அனுப்ப வேண்டாம். போன் நீங்க வாங்கினது, கேமராவும் நீங்க வாங்கப் போறது, ஆனா படம் அவளோடது. பெரும்பாலான நாடுகள்ல படத்தோட காப்பிரைட் எடுத்தவங்களுக்குத்தான் முதல்ல சேரும், வயசு 18 ஆகலங்கிறதால அது அப்பாவுக்கு மாறிடாது. சட்டத்தை விடுங்க, பாட்டியோட கையை எடுத்த படத்தை ஊரே பாக்கணுமாங்கிறது அவளும் பாட்டியும் சேர்ந்து சொல்ல வேண்டியது. படத்துல இருக்கிற அந்த ஃப்ரெண்டோட வீட்டுலயும் கேக்கணும், மைனர் பிள்ளை. இணையத்துல எங்க போட்டாலும் போன்ல எடுத்த படத்துக்குள்ள இடத்தோட விவரம் ஒளிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, வீட்டு வாசல்ல எடுத்த படம்னா வீடு எங்கன்னே சொல்லிடும், போன் செட்டிங்ல கேமராவுக்கு லொகேஷன் அனுமதியை நிறுத்திடுங்க, ஏற்கனவே எடுத்த படத்துல அந்த விவரத்தை அழிச்சிட்டுப் போடுங்க. கேமராவுல பொதுவா அந்தப் பிரச்சனை இல்ல, போன் ஆப்போட சேர்த்து லொகேஷன் ஆன் பண்ணினா மட்டும் வரும்.

அவளுக்கும் அனுப்ப ஆசை இருந்தா போட்டி விதிமுறையை ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து முழுசாப் படிங்க. ஜெயிச்ச படத்தை ஒரு தடவை வெளியிட அனுமதி கேட்டா அது சாதாரணம். அனுப்பின எல்லாப் படத்தோட உரிமையையும் நிரந்தரமா எடுத்துக்குவோம், எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்துவோம்னு எழுதியிருந்தா அந்தப் போட்டியை விட்டுடுங்க, பரிசுத் தொகை எவ்வளவா இருந்தாலும் சரி. 18க்குக் கீழ இருக்கிறதால பெத்தவங்க கையெழுத்து கேப்பாங்க, அவ படிச்சு முடிச்சு சரின்னு சொன்னதுக்கு அப்புறம் நீங்க போடுங்க.